ஒரு மணி மெயில்

"மெயின் சர்வரை நிறுத்திடவா, சார்?"

"நிறுத்தும்மா. ரெண்டாவது சர்வர் தானா வேலையை எடுத்துக்குதான்னு பார்ப்போம்," என்றார் மேனேஜர்.

நிறுத்தினாள். தினமும் ஒரு மணிக்குக் கணவனிடமிருந்து வரும் "சாப்டியா?" மெயிலும் இன்றோடு நின்றுவிடும். வேலை மும்முரத்தில் கேட்க மறந்துவிடுவோமென்று, அதே ஆபீஸில் வேலை பார்த்த அவன் மெயின் சர்வரிலிருந்து தானாகவே வரும்படி செய்துவைத்த ஏற்பாடு அது. இனி வேண்டாமென்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, அதை மட்டும் அவள் இரண்டாவது சர்வருக்கு மாற்றவில்லை.

ஒரு மணிக்கு மெயில் வந்தது. "சாப்டியா?"

அவள் திரையை மேனேஜர் பக்கம் திருப்பினாள். "இதை யார் சார் ரெண்டாவது சர்வர்ல ஏத்தினது?"

மேனேஜர் திரையைப் பார்த்தார். குரல் தணிந்தது. "அவரேதாம்மா. தேதியைப் பாரு, ஆபரேஷனுக்கு முந்தின நாள்."

அந்த ஆபரேஷனில் அவன் கண் விழிக்கவேயில்லை. எட்டு மாதமாகிறது.

"நான் நிறுத்திடுவேன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, சார்," என்றாள்.