மைக்கோட்டில் ஒரு வெட்டு

பாவு விரித்திருக்கும் தெருவில் எந்த வண்டியும் போகாது.

ஆரணியில் அது எழுதாத சட்டம். சேலை நெய்யத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகளில் கஞ்சி காய்ந்து, சுருட்டி எடுக்கும் வரை, கலெக்டரே வந்தாலும் ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு நிற்க வேண்டியதுதான்.

அன்றைக்கு நின்றுகொண்டிருந்தது ஒரு வெள்ளை அம்பாசடர்.

பின் சீட்டில் பரிமளா. அந்தத் தெருத் திலகவதியின் மூத்த பெண், பன்னிரண்டு வயது. புது கவுன், கை நிறையக் கண்ணாடி வளையல். பக்கத்தில் பூங்காவனம், தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டு பட்டணத்திலிருந்து வந்தவள்.

பெரிய வீடு, கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், சாயங்காலம் பள்ளிக்கூடமும் உண்டு என்றாள் பூங்காவனம். புருஷன் படுத்த படுக்கை, கீழே இன்னும் இரண்டு பெண்கள். திலகவதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம்.

லீலா மட்டும் நம்பவில்லை. விடிந்ததும் போய்ச் சொன்னாள். உன் வாயில் நல்லதே வராதா என்று திலகவதி கதவைச் சாத்திக்கொண்டாள்.

லீலா பேச்சை அந்தத் தெருவில் யார் கேட்டார்கள்? சின்ன வயதில் சினிமா ஆசையில் ஓடிப்போய், நாலு ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியவள் என்று பேச்சு. பாவு பிடிக்கத் தெருவே கூடும். அவளை மட்டும் கூப்பிட மாட்டார்கள். நான் ஓடவில்லை என்று அவளும் ஒருநாளும் சொன்னதில்லை.

கஞ்சி காய்ந்துவிட்டது. பாவுக்குச் சொந்தக்காரி காசியம்மாள், சுருட்டலாம் என்று குரல் கொடுத்தாள். டிரைவர் சாவியைத் திருகினான்.

பரிமளா பாடம் ஒப்பிப்பதுபோல எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கார் ஜன்னலைக் கடந்துபோன லீலாவின் காதில் அது விழுந்தது.

அவள் கத்தவில்லை. பாவின் நடுப்பக்கம் வரை நடந்துபோனாள். அங்கே கிடந்த பெரிய கத்தரியை எடுத்தாள். குறுக்கே வெட்டினாள்.

இழுத்துக் கட்டியிருந்த இழைகளெல்லாம் துள்ளித் தெரு முழுக்க விழுந்தன.

பாவை அறுப்பது அங்கே கொலைக்குச் சமம். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தறிக்காரன் துரைக்கண்ணு கையை ஓங்கிக்கொண்டு வந்தான். இழையைச் சுற்றி, காரைச் சுற்றி, அவளைச் சுற்றி மொத்தத் தெருவும் கூடிவிட்டது. அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

"அடிக்கறதுன்னா அப்பறமா அடிங்க. மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட பேரும் வயசும் கேளுங்க."

யாரோ கேட்டார்கள்.

பரிமளா பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். தப்பில்லாமல் மனப்பாடம் செய்து வைத்திருந்தாளே.

"பேரு ரேகா. வயசு பதினெட்டு."

அவள் பிறந்தபோது நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த தெரு அது. குழந்தை பார்க்கப் போகிறவளுக்குப் பொய்ப் பேரும் பொய் வயதும் எதற்கு?

துரைக்கண்ணுவின் ஓங்கிய கை இறங்கியது. ஜன்னல் வழியே போய்க் கார் சாவியைப் பிடுங்கியது. திலகவதி மகளை வாரி வெளியே எடுத்தாள். பூங்காவனத்துக்கு இறங்க வழியில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் பட்டு இழை, அதற்கு அப்பால் ஆட்கள். போலீஸ் வருகிற வரை அப்படியேதான் இருந்தாள்.

காசியம்மாள் அப்போதுதான் அறுந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

ஒரு சேலை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பாவில் மையால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். கத்தரி அந்தக் கோட்டின் மேலேயே போயிருந்தது. ஒரு சேலையும் கெடவில்லை. இழைக்கு இழை முடிச்சுப் போட்டால் போதும்.

அத்தனை கோபத்திலும் அவசரத்திலும், இந்தத் தெருவில் பிறந்த கை இடம் தப்பவில்லை.

பெண்கள் வரிசையாக உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்தார்கள். லீலா வழக்கம்போலத் தள்ளி நின்றாள். பரிமளா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்க்கா, ரேகா நல்லா இல்லியா?"

"நல்ல பேருதான் கண்ணு. உன் வயசுல எனக்கும் அதையேதான் வெச்சாங்க."

முடிச்சுப் போட்ட கைகள் நின்றன.

காசியம்மாள் நகர்ந்து, தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள். தெருக்கோடி வரை கேட்கும்படி கூப்பிட்டாள்.

"லீலா. வா, வந்து இந்த முனையப் புடி."