ஏழு தண்ணீர்

பிரெஞ்சுக்காரன் ரொட்டி சுட்டுப் பழக்கிய புதுச்சேரியில் பிறந்த உடம்புக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாமல் போவது வரலாற்றுத் துரோகம் என்று, டீயில் பன்னை நனைத்தபடி ராஜவேல் அறிவிக்கிறான். அந்தத் துரோகத்தைச் செய்தவள் அவன் மனைவி அமுதவல்லி. காலையிலிருந்து வயிற்றில் எதுவும் நிற்காமல், தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து இப்போதுதான் வந்து, சாய்ந்த வெயிலில் கற்றாழைச் சோற்றை அலசுகிறாள். வயிற்றை ஆற்றும் சாறுக்காக மிக்சியில் பப்பாளித் துண்டுகள் காத்திருக்கின்றன. "ஏழு தண்ணி அலசணும். இல்லன்னா கசக்கும்." "ஏழா? கல்யாணத்தன்னிக்கு நானே ஒரு தண்ணிதான்டி குளிச்சேன்." "அதான் இன்னும் கசக்குறீங்க." நாலாம் தண்ணீரை வடித்தவள் அப்படியே சுவரில் சாய்கிறாள், கண் செருகுகிறது. குழாய் சொட்டுகிறது. ராஜவேல் பன்னை வைத்துவிட்டு எழுகிறான். முதலில் தன் கையை, நகக்கண்ணில் ஒட்டிய பன்னின் கோதுமைத் துகள்கூட இல்லாமல் போகத் தேய்த்துக் கழுவுகிறான். பிறகு வழுக்கும் சோற்றை அள்ளி, சத்தமில்லாமல் எண்ணுகிறான்: அஞ்சு.