கால் ஊன்றிய எழுத்து

“இந்த எழுத்து கெஞ்சுதும்மா. வேற காட்டு.”

கணினித் திரையைப் பார்த்து அரியமுத்து வழங்கிய தீர்ப்பு அது. ஜெயங்கொண்டத்தில் விளம்பரப் பலகைக் கடை வைத்திருக்கும் வளர்மதி, அந்த மெல்லிய எழுத்தை நீக்கிவிட்டு, வளைவும் நெளிவுமான ஒன்றைக் காட்டினாள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவது போலிருக்கிறது என்று அதையும் தள்ளினார். சிவப்பில் கொட்டை எழுத்தைக் கொண்டுவந்தாள். அது சண்டைக்கு இழுக்கிறதாம்.

வாசகம் என்னவோ ஒன்றுதான்: ‘இந்த நிலம் விற்பனைக்கு இல்லை.’

மீன்சுருட்டியை அடுத்து, சாலையோரமாக அவருக்கு மூன்று ஏக்கர் இருந்தது. அதை விற்கச் சொல்லி வருகிறவர்கள் வாய் வலிக்கப் பேசினார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் ‘பார்க்கலாம்’ என்றே சொல்லி அனுப்பினார். இன்னொரு முறை வந்தால் கையெழுத்துப் போட்டுவிடுவோமோ என்று அவருக்கே அச்சம் தட்டியிருந்தது.

“மூஞ்சியப் பார்த்து முடியாதுன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. எழுத்தாவது சொல்லட்டும்.”

வளர்மதி சற்று யோசித்து வேறோர் எழுத்தைத் திரையில் நிறுத்தினாள். உடம்பெங்கும் ஒரே பருமன். முனைதோறும் செங்கல்லை வைத்துக் கட்டினாற்போன்ற சதுரக் கட்டை.

“ஸ்லாப் செரிப்னு பேருங்கய்யா. பழைய டைப்ரைட்டர் எழுத்துக்கும் இப்படித்தான் கால் இருக்கும். கோவப்படாது, குழையாது. சொல்ல வந்ததச் சொல்லிட்டு நிக்கும்.”

அரியமுத்து நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எங்க வூட்டு எருமை நடுரோட்டுல இப்படித்தான் நிக்கும். ஆரன் அடிச்சாலும் நகராது. இதையே போடு.”

சாலையில் போகிறவர்கள் படிக்க எட்டடிப் பலகையாவது வேண்டும் என்று அவள் எடுத்துரைத்தாள். இரண்டடி போதும், கிட்ட உட்கார்ந்துதான் படிப்பார்கள் என்றார் அவர். அதுவும் பொங்கலுக்கு முன் வேண்டுமாம்.

“பொங்கலுக்குக்கூடவா புரோக்கருங்க வருவாங்க?”

“லீவுலதாம்மா வருவாங்க. வந்தா சோறு போடாம அனுப்ப முடியுமா?”

நிலம் கேட்டு வருகிறவனுக்கும் சோறு போடுகிற மனிதருக்கு எங்கிருந்து வாய் வரும் என்று வளர்மதி எண்ணிக்கொண்டாள்.

போகியன்று அவளே ஸ்கூட்டரில் பலகையைக் கொண்டுசென்றாள். வயலில் நடுவதற்கென்று இரண்டு இரும்புக் குழாய்களும் எடுத்துப் போயிருந்தாள். அரியமுத்துவின் மனைவி ஜெகதாம்பாள் குழாய்களைக் கண்டு சிரித்தாள்.

“இது எதுக்கும்மா? உள்ள ஆணி அடிச்சு வச்சிருக்காரு.”

கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கு நேர் மேலே, பலகையை அரியமுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“வயல்ல வைக்கலீங்களா?”

“வயலுக்குத் தெரியும்மா. தெரிய வேண்டியவங்க இங்கதான் வந்து உக்காருவாங்க.”

வாசலில் கார் வந்து நின்றது. சென்னையிலிருந்து வந்திறங்கிய மகன்கள் இருவரும் “அப்பா” என்றபடி உள்ளே நுழைய, அரியமுத்து பலகைக்குக் கீழே போய்க் காலை ஊன்றி நின்றுகொண்டார்.