இறங்கிய சாக்ஸ்

மகன் போனில் பேச வேண்டுமென்றால் அம்மா சாக்ஸைக் கணுக்கால் வரை இறக்கிவிட வேண்டும்.

கால் நரம்புச் சுருட்டலுக்காக டாக்டர் போடச் சொன்ன, முட்டி வரை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ். உள்ளே பொத்தான் அளவில் ஒரு சென்ஸார். பிடி தளர்ந்தால் வெளியூரில் இருக்கும் மகனின் போனுக்குத் தகவல் போய்விடும்.

இறக்கிய சற்று நேரத்தில் கூப்பிடுவான்.

"அம்மா, சாக்ஸ் இறங்கிடுச்சு பாரு. ஏத்தி விடு."

"அப்படியா? நான் கவனிக்கலையேடா. சரி, சாப்பிட்டியா?"

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும்.

அப்பா எதிரில் உட்கார்ந்து தன் போனை நோண்டியபடியே சிரிப்பார்.

"பெத்த பிள்ளை பேசணும்னா சாக்ஸைக் கழட்டணும். நல்ல பொழப்பு!"

"உங்களுக்கு வயித்தெரிச்சல். உங்களை அவன் கூப்பிடறதே இல்லையே."

"என் கால்ல சாக்ஸ் இல்லையே. மெஷின் கத்தினாத்தானே அவனுக்கு நம்ம ஞாபகம் வருது?"

அம்மா சாக்ஸை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டுக்கொள்வாள்.

இன்று சாயங்காலம் கிளினிக்கிலிருந்து சிஸ்டர் வந்தாள். அப்பா டீ போட உள்ளே போனார்.

"வீக்கம் வத்தவே இல்லையேம்மா" என்றபடி சிஸ்டர் சாக்ஸைக் கழற்றினாள். சென்ஸாரை எடுத்துத் தன் போன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தட்டினாள். உதறினாள்.

"இதோட சேர்த்தா துவைச்சீங்க?"

"பின்னே, அழுக்கு சாக்ஸைத் துவைக்காம?"

"பொத்தானைக் கழட்டிட்டுத் துவைக்கணும்மா. உள்ளே தண்ணி போய், போன மாசமே செத்துப்போச்சு. ஒரு தகவலும் யாருக்கும் போகலை."

அம்மா சிரித்தாள். "சும்மா இரு சிஸ்டர். நேத்துகூட இறக்கினேன். உடனே கூப்பிட்டானே!"

"இறக்கினீங்களா?"

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மேஜைமேல் அப்பாவின் போன் அடித்தது. மகன்தான். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்த போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். அம்மா எடுத்தாள். வாயைத் திறப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

"என்னப்பா, இன்னிக்கு உங்க மெசேஜையே காணோம்? அம்மா இன்னும் சாக்ஸை இறக்கலையா?"