இன்னொரு கம்ப்யூட்டர்

“புரோகிராமைத் தவிர என் லேப்டாப்ல இருந்து வேற எதையும் காப்பி பண்ணாதேடா. எல்லாத்தையும் புதுசா போடு.”

வந்ததிலிருந்து அக்கா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குப் பிழைப்பே அதுதான். யாரோ எழுதிய புரோகிராமை, அதற்கு வேண்டிய சகல சாமான்களோடும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவான். ஒன்றும் தெரியாதவர்கூட இரண்டு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும்.

அக்கா, மருத்துவமனையில் ரத்தநோய்ப் பிரிவின் புள்ளியியல் நிபுணர். பரிசோதனை எண்களைக் கொடுத்தால், நோயாளி ஒரு வருடத்தைத் தாண்ட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் புரோகிராம் அவள் எழுதியது.

“உன் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது? இப்ப என்ன அவசரம்?”

“நானே எழுதி நானே ஓட்டுறேன். தப்பு இருந்தா என் கண்ணுக்குத் தெரியுமா?”

“நீ தப்பு பண்றதா! ஒரு புள்ளி மாறி விழுந்தாலே ஊரைக் கூட்டிடுவியே.”

அக்கா சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். வெளியே மழை விட்டபாடில்லை.

“மாமாவோட சண்டையா?”

“வேலையைப் பாருடா.” சற்றுப் பொறுத்து, “சாப்பிட்டியா? மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கிடக்கு?” என்றாள்.

“வேலை கழுத்தை நெரிக்குதுக்கா. வேற என்ன?”

புரோகிராம் முதலில் திறக்க மறுத்தது. துணைக்கு வைத்த பகுதிகளில் ஒன்று பழசு. முணுமுணுத்துக்கொண்டே மாற்றினான். மறுபடி கட்டினான். இந்த முறை ஜன்னல் போல ஒரு கட்டம் திரையில் விரிந்தது.

“ஆச்சு! இனிமே உன் தயவே வேண்டாம். எங்கே வேணும்னாலும் ஓடும்.”

அக்கா பென் டிரைவை நீட்டினாள். “ஒருத்தரோட ரிசல்ட் இருக்கு. போட்டுப் பாரு.”

பெயர் இல்லை. எண்கள் மட்டும். அவன் தட்டினான். அக்கா எழுந்து வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

நூற்றுக்கு ஏழு.

“உன் மெஷின்ல எவ்வளவுக்கா வந்துச்சு?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஏழு.”

“அப்பாடா!” அவன் கையைத் தட்டினான். “அச்சு மாறாம வந்திருக்கு. என் வேலையில தப்பு இல்லை. உன் கணக்குலயும் தப்பு இல்லை.”

சொன்ன பிறகுதான் அது ஒரு மனிதர் என்பது உறைத்தது. குரலைத் தாழ்த்தினான். “பாவம், யார் பெத்த பிள்ளையோ.”

அக்காவின் கை நாற்காலியை விட்டு அவன் தலைமேல் வந்து நின்றது.

“உன் கம்ப்யூட்டர்லயாவது வேற நம்பர் வரும்னு ஓடி வந்தேன்டா,” என்றாள். “அது, போன வாரம் உனக்கு எடுத்த ரத்தம்.”