காற்றுக் கண்ணாடி

“காத்து அடிக்கக் கூடாதுன்னுதான தம்பி இதை மாட்டுன? இதுதான் காத்தைத் தூக்கி உன் மண்டையில அடிக்குது,” என்றார் மெக்கானிக் மந்திரமூர்த்தி, பைக்கின் முன்னால் நின்ற விண்ட்ஷீல்டைத் தட்டிக்கொண்டே.

“அறுபதுக்கு மேல போனா ஹெல்மெட்டு தடதடன்னு ஆடுது அண்ணாச்சி. பின்னாடி அவ பேசுறது ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கு,” என்றான் யோகராஜ்.

எதிரே பூ வாங்கிக்கொண்டிருந்த தீபலட்சுமியையும், அவள் காலடியில் இருந்த பெரிய பையையும் மந்திரமூர்த்தி பார்த்தார். “நல்ல ஆளுய்யா நீ. ஆடிக்குத் தாய் வீட்டுல கொண்டு விடப்போற அன்னைக்கா பொண்டாட்டி பேச்சைக் கேக்கணும்னு தோணுச்சு?”

யோகராஜும் சிரித்து வைத்தான். உள்ளுக்குள் கூசியது.

தையில் கல்யாணம். கடம்பூர் வீட்டில் அம்மா, அண்ணன், மதினி, பிள்ளைகள் என்று எந்நேரமும் கூட்டம். அங்கே தீபலட்சுமி வாய் திறக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்கு வண்டியில் வரும்போதுதான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததைப் பேசுவாள்.

“இந்தக் கண்ணாடி எதுக்கு, வேண்டாம்” என்று அவள் சொல்லியும் வீம்புக்கு மாட்டியது அது. அதனாலேயே கேட்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் பேச்சு நிற்கிற மாதிரி தெரிந்தால் “சரி” என்று தலையை ஆட்டிவிடுவான். இறங்கும்போது “மறந்துராதீங்க” என்பாள். “மறக்கமாட்டேன்” என்பான். எதை என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

வீட்டில் சில நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் போனைத் தடவிக்கொண்டு நழுவிவிடுவான். கட்டினவளை ஆறு மாதமாக ஏமாற்றுகிறோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்னும் ஒரே ஒரு தடவை அவள் சொல்லிவிட்டால் போதும், கேட்டதையெல்லாம் செய்துவிடலாம். அதற்காகத்தான் போகிற வழியில் பட்டறைக்கு வந்தான்.

மந்திரமூர்த்தி நான்கு வாஷர்களை வைத்துக் கண்ணாடியை முன்னால் தள்ளி மாட்டினார். “அடியில கொஞ்சம் காத்துக்கு வழி விட்டிருக்கேன். வழிய முழுசா அடைச்சா அது நம்ம தலை மேலதான் ஏறும். இனி கிசுகிசுன்னு பேசுனாக்கூடக் கேக்கும், போ.”

பையைத் தூக்கி டேங்கின் மேல் வைத்தபோது கனத்தது. தைக் குளிருக்கு அவன் எடுத்துக்கொடுத்த ஸ்வெட்டர் மேலாகத் தெரிந்தது. “ஒரு மாசத்துக்கு இதெல்லாம் எதுக்கு லட்சுமி?”

“காத்தடிக்குல்லா,” என்றாள்.

எட்டயபுரம் சாலையில் வண்டி எழுபதைத் தொட்டது. ஆனிக் கடைசியிலேயே காற்று கரிசல் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட் ஆடவே இல்லை. அவள் வளையல் சத்தம்கூடக் கேட்டது.

காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினான். அவள் பேசவில்லை. பாதி தூரம் போயும் பேசவில்லை.

“என்ன லட்சுமி, இன்னைக்குப் பேச்சே இல்ல?”

“என்னத்தப் பேச.”

இதுவரை எதுவுமே கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை நாள் தலையாட்டியதெல்லாம் நடிப்பா என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? விழுங்கிவிட்டான். திரும்பி வந்தபிறகு ஆற அமரச் சொல்லிக்கொள்ளலாம்.

“ஆவணி பொறந்ததும் மொத நாளே கூப்பிட வந்துருதேன்,” என்றான் சந்தோஷமாக.

வளையல் சத்தத்தோடு அவள் முன்னால் குனிந்தாள். பிறகு, கோபமில்லாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக அவன் காதில் விழும்படி சொன்னாள்.

“இனி திரும்பி வரமாட்டேன்னு போன வாரமே சொன்னேம்லா, சரின்னீங்களே.”