பெட்டி அண்ணனுக்கு இலக்கு இல்லை

"அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்கண்ணே?"

"இப்ப இருக்கிற எடத்துலதான் மேடம். ஜன்னலோரம். காத்து நல்லா வருது."

மனிதவள மேலாளர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். மின்விசிறி செய்யும் அந்தக் கம்பெனியில், மேலிருந்து கீழ்வரை எல்லோரும் ஆண்டு தொடங்கியதும் இலக்குப் படிவம் எழுதித் தர வேண்டும். கேன்டீனில் டீ போடுபவர்கூட 'சர்க்கரையைக் குறைப்பது' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். டீயிலா, தன் உடம்பிலா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாலு மாதமாக டிமிக்கி கொடுத்துக்கொண்டிருப்பவர் ஒரே ஒருவர்தான். பார்சல் பிரிவில் அட்டைப்பெட்டி ஒட்டும் பெட்டி அண்ணன். இருபத்திரண்டு வருட சர்வீஸ். இன்று கையும் களவுமாகப் பிடித்து, எதிரே உட்கார வைத்திருந்தாள்.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இந்த நாலு மாதத்தில் ஐந்து பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். கணக்குப் பிரிவு ஆள் தேனீ வளர்க்கப் போனார். வரவேற்பறைப் பெண் பாட்டு கற்றுக்கொள்ளப் போனாள். வாழ்க்கையில் தெளிவான இலக்கு இல்லாததால்தான் ஜனங்கள் இப்படிக் கண்டபடி அலைபாய்கிறார்கள் என்று டைரக்டருக்கு நாலு பக்கம் அறிக்கை எழுதியவளே அவள்தான்.

"சும்மா ஏதாவது ஒண்ணு சொல்லுங்கண்ணே. மனுஷனுக்கு ஒரு குறிக்கோள் வேணாமா?"

"காலையில முட்டி வலிக்காம எந்திரிக்கணும். எழுதிக்கிறீங்களா?"

"அதை எப்படி அளக்கறது? அளக்க முடிஞ்சாத்தான் இலக்கு."

"எத்தனை தடவை ஐயோன்னு சொல்றேன்னு என் பொண்டாட்டி எண்ணிச் சொல்லிடுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பதவிக்கு அழகில்லை என்று அடக்கிக்கொண்டாள்.

"சரி, உங்க ஃபாரத்துல நீங்க என்ன எழுதினீங்க மேடம்? காட்டுங்க, பாத்துக் காப்பியடிச்சுக்கறேன்."

அவள் தன்னுடையதை எடுத்து வாசித்தாள். "பணியாளர்களின் உள்ளார்ந்த ஆற்றலை இனங்கண்டு, நிறுவனத்தின் தொலைநோக்கோடு ஒருங்கிணைத்தல்."

பெட்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். "தமிழ்தானே மேடம்?"

"ஆமா."

"இதை நெனச்சா காலையில எந்திரிச்சு ஓடி வரணும்னு தோணுதா?"

அவள் படிவத்தை மடித்து ஃபைலுக்குள் வைத்தாள்.

"தெனம் வண்டியை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் உள்ளேயே உக்காந்துட்டுத்தானே எறங்குறீங்க. என் ஜன்னல்லேருந்து தெரியும்."

யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள். சட்டென்று, யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள்.

"எனக்குச் சின்னப் பசங்களுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்கணும்னு ஆசைண்ணே. பன்னெண்டு வருஷம் போட்டிகள்ல நீந்தினவ நான். எங்க வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்துல ஆள் வேணும்னு மூணு மாசமா போர்டு தொங்குது."

"போய்க் கேட்டீங்களா?"

"வீட்டுக்காரர், இந்த வயசுல தண்ணியில குதிக்கப் போறியான்னு கேட்டார்."

"அவருக்கு நீச்சல் தெரியுமா?"

"மழை வந்தாலே வெளியே வர மாட்டார்."

"அப்புறம் அவரை எதுக்குக் கேட்டீங்க? உங்களுக்கு என்ன வயசு மேடம்?"

"நாப்பத்தொண்ணு."

"ரிட்டயர் ஆக இன்னும் பதினேழு வருஷம். பதினேழு ஃபாரம். எழுதுங்க, ஒண்ணும் தப்பில்ல. நடுவுல ஜன்னலோரம் எடம் வேணும்னா சொல்லுங்க, பகிர்ந்துக்கலாம்."

பதினேழு படிவங்களும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றன. எல்லாவற்றிலும் உள்ளார்ந்த ஆற்றல், எல்லாவற்றிலும் தொலைநோக்கு. அவள் ஒரு வெள்ளைத்தாளை இழுத்து, மூன்றே வரியில் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். இத்தனை சந்தோஷமாக அவள் கடைசியாக எப்போது இருந்தாள் என்று அவளுக்கே ஞாபகமில்லை.

"ரொம்ப நன்றிண்ணே. நான் உங்களுக்கு வழி காட்டலாம்னு கூப்பிட்டேன். நீங்க எனக்குக் காட்டிட்டீங்க."

"நான் என்ன மேடம் பண்ணேன், பெட்டி ஒட்டுறவன்," என்று சொல்லிவிட்டு அவர் முட்டியைப் பிடித்தபடி எழுந்து போனார்.

சூடு ஆறுவதற்குள் மாடியேறி டைரக்டர் அறைக்குப் போனாள். அவர் கடிதத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார். ஒரு வார்த்தை தடுத்துப் பேசவில்லை. எழுந்து கை குலுக்கி, "நல்லா இருங்கம்மா," என்றார். ஒன்பது வருடம் உழைத்தவளை ஏன் என்றுகூடக் கேட்கவில்லையே என்று அவளுக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் கடமை கடமைதான்.

"ஒரு வேலை மட்டும் பாக்கி சார். பெட்டி அண்ணன் இன்னும் இலக்குப் படிவம் குடுக்கல. அவருக்கு இலக்குன்னு ஒண்ணுமே இல்லையாம்."

"அவரோடது என்கிட்டத்தாம்மா இருக்கு. இனி உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?" டைரக்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து, நிதானமாக ஒரு டிக் அடித்தார். "ஆறு பேர் தாங்களாவே ராஜினாமா பண்ணணும்னு அவருக்கு இலக்கு போட்டுக் குடுத்தேன். வருஷக் கடைசி வரைக்கும் டைம் இருந்துச்சு, மனுஷன் நாலே மாசத்துல முடிச்சிட்டார்."